கறுப்பு மணல் சொல்லும் அணு ரகசியம்

விழிஞ்ஞம் கரையில் எடை, அளவு, அணு: ஓர் எளிய அறிமுகம்

விழிஞ்ஞம் என்றால் முன்பெல்லாம் மீன்தான் நினைவுக்கு வரும். இப்போது கப்பலும் சேர்ந்துகொண்டது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இந்தக் கடற்கரை ஊருக்கு 2024 ஜூலையில் 'சான் பெர்னாண்டோ' என்ற முதல் தாய்க்கப்பல் வந்தது. 2025 மே 2ஆம் தேதி துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அடுத்த மாதமே 'எம்.எஸ்.சி. ஐரினா' வந்து நின்றது. ஏறக்குறைய 400 மீட்டர் நீளம். இருபதடிப் பெட்டிக் கணக்கில் 24,346 பெட்டிகளைச் சுமக்கக்கூடிய கப்பல் அது.

ஒரே கரையில் இன்று இரண்டு விதமான எடைக் கணக்குகள் நடக்கின்றன. மீன் இறங்கும் கரையில் கூடையையும் குவியலையும் கண்ணால் பார்த்தே விலை சொல்லி விடுகிறார்கள். துறைமுக வாசலிலோ ஒவ்வொரு பெட்டிக்கும் எழுத்து மூலமான எடை வேண்டும். இரண்டும் தவறல்ல. எந்த வேலைக்கு எவ்வளவு நுணுக்கமான அளவு தேவை என்பதுதான் கேள்வி. பள்ளியில் இரசாயனப் பாடத்தின் முதல் அத்தியாயம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. இரண்டாம் அத்தியாயம் அணுவைப் பற்றியது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று பிள்ளைகள் கேட்டால், பதில் சொல்ல இந்தக் கரையின் கறுப்பு மணலே போதும்.

எடை தவறினால் என்ன?

2007ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கிலீஷ் கால்வாயில் 'எம்.எஸ்.சி. நெப்போலி' என்ற சரக்குக் கப்பல் புயலில் சிக்கி உடைப்பு கண்டது. பின்னர் மேல்தளத்தில் நனையாமல் இருந்த சுமார் 660 பெட்டிகளை நிறுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 137 பெட்டிகளின் எடை, தாளில் எழுதியிருந்த எடையிலிருந்து 3 டன்னுக்கும் மேல் மாறுபட்டிருந்தது. ஒரு பெட்டியில் வித்தியாசம் 20 டன்!

கப்பல் உடைய இது ஒன்றே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் தாளில் உள்ள எண்ணை நம்பித்தான் எந்தப் பெட்டியை மேலே அடுக்குவது, எதைக் கீழே வைப்பது என்று கணக்குப் போடுகிறார்கள். எண் பொய்யானால் கணக்கும் பொய்யாகும். 2016 ஜூலை 1 முதல், நிறுத்துச் சரிபார்த்த எடை இல்லாத ஏற்றுமதிப் பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்ற சர்வதேச விதி நடைமுறைக்கு வந்தது. துறைமுகங்களிலும் கப்பல் ஏஜென்ஸிகளிலும் குமாஸ்தா வேலை பார்க்கும் நம்மவர்கள் தினமும் கையாளும் எடைச் சான்று அந்த விதியின் விளைவே.

துல்லியம் வேறு, நுட்பம் வேறு

'இந்தத் தராசு ரொம்பத் துல்லியம்' என்று பொதுவாகச் சொல்கிறோம். விஞ்ஞானத்தில் இதை இரண்டாகப் பிரிக்கிறார்கள்.

சாலைக் கடைவீதியில் ஒரு நகைக்கடைத் தராசில் ஒரு பவுன் நாணயத்தை நான்கு முறை வைத்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் உண்மை எடை 8.00 கிராம். தராசு 8.21, 8.21, 8.22, 8.21 என்று காட்டுகிறது. நான்கு முறையும் ஏறக்குறைய ஒரே எண். இதற்கு 'நுட்பம்' என்று பெயர். ஆனால் எல்லா எண்ணும் உண்மையிலிருந்து ஒரே பக்கமாக விலகி நிற்கின்றன. ஆகவே 'துல்லியம்' இல்லை. இன்னொரு தராசு 7.9, 8.1, 8.0, 8.0 என்று காட்டுகிறது. அதன் எண்கள் அங்குமிங்கும் ஆடுகின்றன. சராசரி எடுத்தால் உண்மை எடை வருகிறது. இங்கே துல்லியம் உண்டு, நுட்பம் குறைவு.

முதல் தராசுதான் ஆபத்தானது. ஆடாமல் அசையாமல் ஒரே எண்ணைச் சொல்வதால் அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வராது. பத்து முறை, நூறு முறை நிறுத்தாலும் பிழை மறையாது. சரியான படிக்கல்லோடு ஒப்பிட்டால் ஒழிய அது வெளிப்படாது. கடைத் தராசுக்கு அவ்வப்போது அரசு முத்திரை வாங்க வேண்டும் என்று சட்டம் சொல்வது இதற்காகத்தான்.

அந்தப் படிக்கல்லுக்கும் மேலே ஒரு படிக்கல் வேண்டுமல்லவா? பாரிஸ் அருகே பாதுகாக்கப்படும் ஒரு பிளாட்டினம் - இரிடியம் உருளைதான் 1889 முதல் உலகத்துக்கெல்லாம் ஒரு கிலோவாக இருந்தது. அதன் பிரதிகளில் 57ஆம் எண் உள்ளது டில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. நூறாண்டுக் காலத்தில் மூல உருளைக்கும் பிரதிகளுக்கும் இடையே ஒரு கிராமில் லட்சத்தில் ஐந்து பங்கு அளவுக்கு வேறுபாடு தோன்றியது. எது மாறியது, உருளையா பிரதியா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எனவே 2019 மே 20 முதல் கிலோவை எந்த உலோகத் துண்டையும் வைத்து வரையறுக்காமல், இயற்கையின் மாறாத எண்களில் ஒன்றை வைத்து வரையறுக்கிறார்கள்.

எண்ணின் நீளத்தில் ஒரு வாக்குமூலம்

8 கிராம் என்று எழுதுவதும் 8.00 கிராம் என்று எழுதுவதும் ஒன்றா? கணக்கு வாத்தியாருக்கு ஒன்றுதான். இரசாயன வாத்தியாருக்கு அல்ல. '8.00' என்றால், 'நூறில் ஒரு பங்கு கிராம் வரை பார்த்துவிட்டேன்' என்று பொருள். பார்க்காத இலக்கத்தை எழுதுவது பொய்க்கணக்கு. மூன்று பேருக்கு 100 ரூபாயைப் பிரித்தால் கால்குலேட்டர் 33.333333 என்று காட்டும். அதற்காகப் பைசாவுக்குக் கீழே யாராவது எழுதுவார்களா? அளவெடுத்த எண்ணில் நம்பத்தக்க இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இவற்றையே 'முக்கிய எண்ணுருக்கள்' என்று பாடப்புத்தகம் கூறுகிறது.

அலை புடைத்த மணல்

இனி மணலுக்கு வருவோம். விழிஞ்ஞத்தை ஒட்டிய கோவளம் கடற்கரையில் சில இடங்களில் மணல் கறுத்துக் கிடப்பதைப் பார்த்தவர்கள் பலர். தெற்கே மணவாளக்குறிச்சியிலும், வடக்கே கொல்லத்தை அடுத்த சவறாவிலும் இந்தக் கறுப்பு மணல் ஏராளம்.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியின் பாறைகள் யுகக்கணக்கில் தேய்ந்து, ஆற்றோடு கடலுக்கு வந்து சேர்ந்தவை இவை. பெண்கள் சுளகில் அரிசி புடைக்கும்போது பதர் முன்னே போக, கனமானது பின்னே தங்கும். கடல் அலையும் அப்படித்தான் புடைக்கிறது. சாதாரண வெள்ளை மணல் தண்ணீரைப் போல 2.65 மடங்கு கனம். கறுப்பான இல்மனைட் சுமார் 4.7 மடங்கு. அதனோடு கலந்து கிடக்கும் தேன் நிற மோனசைட் சுமார் 5 மடங்கு. இலேசானதை அலை இழுத்துச் செல்ல, கனமானது கரையில் தங்கிவிடுகிறது.

அளவின் அருமை இங்கேயே புரியும். 100 கிராம் வெள்ளை மணலைத் தண்ணீர் உள்ள அளவுக் குவளையில் போட்டால், நீர்மட்டம் சுமார் 38 மில்லிலிட்டர் உயரும். 100 கிராம் மோனசைட் போட்டால் 20தான். இந்த இரண்டையும் பிரித்தறிய எந்தக் குவளையும் போதும். ஆனால் இல்மனைட்டைப் போட்டால் 21 உயரும். 20க்கும் 21க்கும் நடுவே ஒரு மில்லிலிட்டர். குவளையைச் சாய்வாகப் பார்த்து ஒரு கோடு தவறிப் படித்தால் இல்மனைட் மோனசைட் ஆகிவிடும்! ஆலைகளில் கனத்தை மட்டும் நம்பாமல், காந்தத்தையும் மின்சாரத்தையும் கொண்டு இவற்றைப் பிரிக்கிறார்கள். இல்மனைட்டைக் காந்தம் பலமாக இழுக்கும். மோனசைட்டை மெதுவாகத்தான் இழுக்கும்.

கயிற்றில் ஒட்டிவந்த புதையல்

இந்த மணலின் மதிப்பு வெளியுலகுக்குத் தெரியவந்தது கயிற்றால்! 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய இரசாயன நிபுணர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். தேடிக்கொண்டு வந்தவர் மணவாளக்குறிச்சியில் ஆலை நிறுவினார். முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மானியர் என்பதால் சிறைப்பட்டார். தொழில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அன்று மணவாளக்குறிச்சி திருவிதாங்கூர் சீமையில் இருந்தது. 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது அதுவும் இந்தப் பக்கம் வந்தது. 1950 ஆகஸ்டில் தோன்றிய இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் பின்னர் இந்த மணல் தொழிலை ஏற்றது.

ஜெர்மனிக்கு மோனசைட் எதற்கு? பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு! கல்யாண வீட்டிலும் திருவிழாக் கடையிலும் வெள்ளை வெளேரென்று எரிந்த அந்த விளக்கின் மேன்டிலைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆஸ்திரிய விஞ்ஞானி அவுவர் வான் வெல்ஸ்பாக் 1891இல் கண்ட கலவை அது: 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. இரண்டும் மோனசைட்டில் கிடைப்பவை. நம் கரை மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு சுமார் 8 முதல் 10 சதவீதம் வரை உள்ளது. அந்த ஒரு பங்கு சீரியம் இல்லாவிட்டால் மேன்டில் மங்கலாகவே எரியும். கூடிப்போனாலும் ஒளி குறையும். நூற்றுக்கு ஒன்று என்ற அளவைப் பிடித்ததுதான் வெற்றி.

அணுவின் உள்ளே

தோரியம் வெறும் விளக்குச் சரக்கு அல்ல என்பது 1898இல் தெரிந்தது. ஜெர்மனியில் ஷ்மிட், பாரிஸில் மேரி கியூரி, இருவரும் தனித்தனியே அது கதிர் வீசுவதைக் கண்டார்கள். சில ஆண்டுகளில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ரூதர்போர்டும் சாடியும் தோரியத்தை ஆராய்ந்து, உலகமே நம்ப மறுத்த ஒரு முடிவுக்கு வந்தார்கள்: கதிர் வீசும் அணு, வேறொரு பொருளின் அணுவாக மாறிவிடுகிறது! 1808இல் டால்டன் எழுதிவைத்த 'அணு பிளவுபடாது, மாறாது' என்ற பாடம் அங்கே ஆட்டம் கண்டது.

1911இல் ரூதர்போர்டு அணுவின் அமைப்பை விளக்கினார். நடுவே மிகச் சிறிய, மிகக் கனமான அணுக்கரு. சுற்றிலும் எலெக்ட்ரான்கள். தோரியம் அணுவின் கருவை ஒரு கடுகு அளவுக்குப் பெருக்கினால், முழு அணு சுமார் 50 மீட்டர் அகலமாகும். ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் நடுவில் ஒரு கடுகு! எடையெல்லாம் அந்தக் கடுகில். மைதானத்தின் அகலத்தைத் தீர்மானிப்பதோ எடையே இல்லாதது போன்ற எலெக்ட்ரான்கள்.

அந்தக் கடுகுக்குள் 90 புரோட்டான்களும் 142 நியூட்ரான்களும் உள்ளன. இரண்டும் சேர்ந்து 232. புரோட்டான் எண்ணிக்கைதான் பொருளின் பெயரைத் தீர்மானிக்கிறது. 90 என்றால் தோரியம்; 82 என்றால் காரீயம். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஆளே மாறிவிடும்.

இனி ஒரு பேரேட்டுக் கணக்கு. தோரியம் தன் நெடும்பயணத்தில் மொத்தம் 6 ஆல்பா துகள்களை வெளியேற்றுகிறது. ஒவ்வொன்றும் 2 புரோட்டானையும் 2 நியூட்ரானையும் கொண்டுபோகும். ஆகவே எடையில் 24 செலவு. 232இல் மீதி 208. புரோட்டானில் 12 செலவு. 90இல் மீதி 78. வழியில் 4 முறை பீட்டா கதிர் வீசும். ஒவ்வொரு முறையும் ஒரு நியூட்ரான் புரோட்டானாகிறது. எனவே 4 வரவு. 78 என்பது 82. பேரேட்டின் கடைசி வரி: 208 எடையுள்ள காரீயம்.

கால் சதவீதம் சொன்ன சாட்சி

தாளில் கணக்குச் சரி. உண்மையில் அப்படித்தானா? கடைகளில் கிடைக்கும் காரீயத்தின் அணு எடை 207.2. தோரியத்திலிருந்து பிறந்த காரீயம் 208 அருகே இருக்க வேண்டும். ஒரே பொருளுக்கு இரண்டு எடையா? அதுவரை எந்த இரசாயன நிபுணரும் ஒப்பாத விஷயம்.

சாட்சி இலங்கையிலிருந்து வந்தது. தோரியம் கனிமங்களுக்குப் பேர்போன நாடு அது. 1904இல் இலங்கையின் கனிம ஆய்வுத் துறைத் தலைவராக இருந்த ஆனந்த குமாரசாமி அங்கே கனமான கறுப்புக் கனிமம் ஒன்றைக் கண்டார். சர் முத்து குமாரசாமியின் மகனான அவர், பின்னாளில் கலை விமர்சகராக உலகப் புகழ் பெற்றவரே. முதலில் யுரேனியக் கனிமம் என்று கருதப்பட்ட அதை லண்டனில் டன்ஸ்டன் பகுத்து அளந்தபோது, பெரும்பகுதி தோரியம் என்று தெரிந்தது. 'தோரியனைட்' என்று புதுப் பெயர் சூட்டப்பட்டது. அளக்கும் வரை வேறு, அளந்த பின் வேறு!

இலங்கையின் இன்னொரு கனிமமான தோரைட்டை சாடி பிரித்தெடுத்தார். அதிலிருந்த காரீயத்தின் அணு எடை 207.7க்குச் சற்று மேல் என்று வந்தது. அதன் அடர்த்தியும் சாதாரணக் காரீயத்தைவிட 0.26 சதவீதம் கூடுதல். அதாவது, ஒரு கிலோ சாதாரணக் காரீயம் எவ்வளவு இடம் பிடிக்குமோ, அதே இடம் பிடிக்கும் இலங்கைக் காரீயத்தை நிறுத்தால் 2.6 கிராம் கூடும். காய்கறிக் கடைத் தராசில் ஐந்து கிராமுக்கு ஒரு கோடு இருந்தால் இந்த வித்தியாசத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. உண்மை அந்தக் கோட்டுக்குள் மறைந்து போயிருக்கும்.

அடர்த்தி ஏன் கூடியது? இரண்டு வகை அணுக்களிலும் எலெக்ட்ரான்கள் ஒன்றுபோல 82. எனவே மைதானத்தின் அகலம் ஒன்றே. நடுவில் உள்ள கடுகு மட்டும் கனம்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் தியோடர் ரிச்சர்ட்ஸ் 1914இல் எதிர்ப்பக்கச் சாட்சியையும் அளித்தார். யுரேனியக் கனிமங்களில் கிடைத்த காரீயத்தின் எடை 207.2ஐவிடக் குறைவு என்று அவர் கண்டார். யுரேனியத்தின் பேரேடு 206இல் முடிவதால் அதுவும் கணக்குக்குப் பொருந்தியது. அணு எடைகளை அளப்பதில் ரிச்சர்ட்ஸ் காட்டிய கவனம் பெயர் பெற்றது. அதற்கு முன் பெல்ஜியம் நாட்டு ஸ்டாஸ் என்பவரின் அணு எடைகளே உலகின் படிக்கல். ஒன்றுக்கொன்று அழகாக ஒத்துப்போன அந்த எண்களில், பொருளில் ஒளிந்திருந்த ஈரமும் கலப்பும் விளைவித்த சிறு பிழைகள் இருந்ததை ரிச்சர்ட்ஸ் காட்டினார். 8.21 என்றே சொல்லிக்கொண்டிருந்த நகைக்கடைத் தராசின் கதைதான் அதுவும்! 1914ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு ரிச்சர்ட்ஸுக்கும், 1921ஆம் ஆண்டின் பரிசு சாடிக்கும் கிடைத்தது. ஒரே பொருளின் எடை வேறுபட்ட அணுக்களுக்கு 'ஐசோடோப்' என்ற பெயரை 1913இல் வழங்கியவர் சாடியே.

பயப்பட வேண்டுமா?

இத்தனையும் படித்தபின் கரையோரக் குடும்பங்களுக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: காலடியில் கதிர் வீசும் மணல், பிள்ளைகளுக்கு ஆபத்தா?

தோரியம் மிக நிதானமான பொருள். பாதி அழிய 1,405 கோடி ஆண்டுகள் ஆகும். ஒரு கிராம் தோரியத்தில் சுமார் 2.6 கோடி கோடி கோடி அணுக்கள் உண்டு. அதில் நொடிக்குச் சுமார் 4,000 மட்டுமே சிதைகின்றன.

உலகில் சராசரி மனிதருக்கு இயற்கையாகவே எல்லா வகையிலும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு கிடைக்கிறது. கருநாகப்பள்ளி கரையில் சில குறிப்பிட்ட இடங்களில் வெளிப்புறக் கதிர்வீச்சு மட்டுமே ஆண்டுக்கு 70 மில்லிகிரே வரை எட்டியது. இரண்டும் வேறு அலகுகள் என்றாலும் தோராயமாக அருகருகே வைத்துப் பார்க்கலாம். வித்தியாசம் பெரியது.

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் ஆய்வாளர்கள் அப்பகுதியில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்தது. கதிர்வீச்சு கூடிய வீடுகளில் புற்றுநோய் கூடியதா என்று பார்த்தபோது, அப்படிக் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் எந்த அளவுக்கும் ஒரு பிழை எல்லை உண்டு. இந்த ஆய்வுக்கும் உண்டு. அந்த எல்லைக்குள் ஒளியக்கூடிய மிகச் சிறிய பாதிப்பை இது மறுத்துவிடவில்லை.

கரையில் நடப்பது வேறு. மோனசைட்டைப் பிரித்துப் பொடியாக்கும் ஆலையில் வேலை செய்வது வேறு. தூசி மூச்சோடு உள்ளே போனால், தோலைத் தாண்டாத ஆல்பா துகளும் உள்ளிருந்து தாக்கும். அங்கே வேலை செய்வோர் கதிரளவுப் பட்டையை அணியாமலும், மூக்குக் கவசம் இல்லாமலும் வேலையில் இறங்கக்கூடாது. பட்டை வெறும் அலங்காரமல்ல. அதில் சேரும் அளவுதான் நாளைக்கு உங்கள் பக்கத்துச் சாட்சி.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

கையடக்கக் கருவியை மணலில் ஒரு நிமிஷம் வைத்து, 'அபாய அளவு' என்று யாராவது படம் எடுத்து அனுப்பினால் உடனே நம்ப வேண்டாம். கதிர்வீச்சு மழைத்துளி போல ஒழுங்கின்றி விழுவது. 100 துளி எண்ணினால் 10 கூடலாம், 10 குறையலாம். பிழை பத்து சதவீதம். 10,000 எண்ணினால் 100தான் கூடும் குறையும். பிழை ஒரு சதவீதம். நீண்ட நேரம் அளந்தவர் சொல்வதற்கே மதிப்பு.

ஆகவே எந்த எண்ணைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேட்கலாம். எந்தக் கருவியால் அளந்தார்கள், அதைப் படிக்கல்லோடு ஒப்பிட்டார்களா? எத்தனை முறை, எவ்வளவு நேரம் அளந்தார்கள்? கூடக்குறைய எவ்வளவு இருக்கும்?

இதே கேள்விகள் ரேஷன் கடை அரிசிக்கும், அடகுக் கடை நகைக்கும், ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக்கும் பொருந்தும். தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும், தட்டு காலியாக இருக்கும்போது சைபர் காட்டுகிறதா என்று கவனிப்பதும் காசு செலவில்லாத காரியங்கள். சந்தேகம் வந்தால் சட்டமுறை எடையளவுத் துறையிடம் புகார் செய்ய, கேரளத்தில் வேலை பார்க்கும் தமிழருக்கும் மற்றவரைப் போலவே உரிமை உண்டு.